கந்தையும் கைவண்ணமும்

ஊசி பிடித்துப் பழகாதார்க்கு அடுக்குப் போர்வை கற்பித்தல் பற்றிச் சில சிந்தனைகள்

கந்தையே ஆயினும் கழுவி உடுத்தல் வேண்டும் என்பது நம்மவரிடையே வழங்கும் பழமொழி. உடுக்கவும் இயலாத அளவுக்கு அது நைந்துபோனால் யாது செய்வது? இவ்வினாவுக்கு விடை கண்டோர், உலகின் பல பாகங்களிலும் குளிருக்கு அஞ்சி வாழ்ந்த ஏழைப் பெண்கள். நைந்த ஆடையிலே நலங்கெடாத பாகங்களை அவர்கள் வெட்டியெடுத்தனர்; ஒன்றோடொன்று பொருத்தினர்; அடுக்கி வைத்துத் தைத்துப் போர்வையாக்கினர். ஆங்கிலத்தில் ‘குவில்ற்’ என வழங்கும் அடுக்குப் போர்வை இதுவே. வங்காளத்தில் இதற்குக் ‘காந்தா’ என்று பெயர். வடமொழியிலுள்ள ‘கந்தா’ என்ற சொல்லே நம் ‘கந்தை’க்கும் மூலம் என்பர் அகராதி வகுத்தோர். ஒரே சொல் நம்மிடையே வறுமையைக் குறிக்க, வங்கத்திலே கலையைக் குறித்து நிற்கிறது.

இக்கலையை, ஊசியிலே நூல் கோக்கவும் தயங்கும் ஒருவர்க்கு எங்ஙனம் கற்பிப்பது என்பதே இங்கு நாம் ஆராயப் புகும் பொருள். தையல் தெரிந்தவர்க்குக் கற்பித்தல் எளிது. தையல் தெரியாதவர்க்குக் கற்பித்தலும் அத்துணை அரிதன்று. தையல் தமக்கு வாராது என்று முன்னரே முடிவு செய்துவிட்டவர்க்குக் கற்பித்தலே அரிது. நம் நாட்டிலே இம்மூன்றாம் வகையினரே மிகப் பலர்.

பிரிக்கப்பட்ட தையல்

சில காலத்துக்கு முன் முதிய அம்மையார் ஒருவர் என்னிடம் வந்தார். அவர் கையிலே காகிதத்திற் சுற்றிய பொதி ஒன்று இருந்தது. காலஞ்சென்ற தம் தாயாரின் சேலை அது எனக் கூறினார். மடிப்புகளிலே துணி இற்றுப்போயிருந்தது. அதனை ஒரு போர்வையாக்கிப் பேரப்பிள்ளைக்குக் கொடுக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். “நீங்களே தைக்கலாமே, நான் சொல்லித் தருகிறேன்” என்றேன். “எனக்கு ஊசி சரிவராது, பிள்ளை” என்று உடனே மறுத்துவிட்டார்.

ஏன் சரிவராது என்பதை மெல்ல மெல்லக் கூறினார். பள்ளிப் பருவத்திலே ஒரு கைக்குட்டையின் ஓரத்தை மூன்று வாரமாகத் தைத்தாராம். தையல் நேராக இல்லை என்று ஆசிரியை வகுப்பின் முன்னிலையிலேயே கத்தரிக்கோலாற் பிரித்தெறிந்தாராம். மறுமுறையும் அவ்வாறே, அதன் மறுமுறையும் அவ்வாறே. அதன் பின்னர் அறுபது ஆண்டுகளாகப் பொத்தான் தைப்பதன்றி வேறெதற்கும் அவர் ஊசியைத் தொட்டதில்லை. அந்த ஆசிரியை கொடியவரல்லர். தாம் கற்ற முறையிலேயே கற்பித்தார். மாதிரித் துணியிலே தையல் வகைகளை ஒழுங்காகத் தைத்து, அளவுகோல் வைத்துப் பார்த்துப் புள்ளியிடுதல் என்பதே பல தலைமுறைகளாக நம் பள்ளிகளில் வழங்கிய முறை. அம்முறையில் நேர்மை என்பது கோட்டின் நேர்மை மாத்திரமே. ஆனால், அடுக்குப் போர்வையின் வரலாறு நமக்குப் புகட்டும் பாடம் வேறு.

ஆற்று வளைவிற் பிறந்த கலை

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்திலே, வில்கொக்ஸ் கவுண்டியில், அலபாமா ஆறு வளைந்து செல்லும் இடத்தில் ஜீஸ் பென்ட் என்னும் சிற்றூர் உண்டு. மூன்று புறமும் ஆறு சூழ்ந்த ஊர் அது. 1845ஆம் ஆண்டில் மார்க் பெற்வே என்பவர் அங்கிருந்த பருத்தித் தோட்டத்தை வாங்கினார். அடிமைத்தளை நீங்கிய பின்னரும் அங்கு எஞ்சிய கறுப்பின மக்களிற் பலர் பெற்வே என்ற பெயரையே தாங்கி வாழ்ந்தனர். குளிர்காலத்தில் அவர்களுடைய மரக் குடில்களின் இடுக்குகள் வழியே வாடைக்காற்றுப் புகும். ஆகவே, வயலில் உழைத்து நைந்த காற்சட்டைகள், மாவு வந்த சாக்குகள், கிழிந்த உடுப்புகள் ஆகியவற்றைக் கொண்டு பெண்கள் போர்வை தைத்தனர். பஞ்சாலைத் தரையிற் சிந்திய பஞ்சைக் கூட்டியெடுத்து, கோலால் அடித்துப் பரப்பி நடுப்படை ஆக்கினர்.

அங்கு பாடநூலும் இல்லை, பரீட்சையும் இல்லை. போர்வைச் சட்டத்தைச் சூழப் பெண்கள் அமர்ந்து தைக்கையில், சிறுமியர் அருகிலும் அடியிலும் இருந்து ஊசிகளில் நூல் கோத்துக் கொடுப்பர். அதுவே அவர்களுக்கு முதல் வகுப்பு. தைக்கும் கையைப் பல காலம் பார்த்திருந்த கண், பின்னர் தன் கைக்கு வழி சொல்லிற்று.

அவ்வூரைச் சேர்ந்த மிசூரி பெற்வே என்னும் பெண்மணி தம் கணவரை இழந்தார். அவர் வயலில் உடுத்து உழைத்த ஆடைகளை எடுத்து வெட்டி 1942இல் ஒரு போர்வை தைத்தார். வெயிலில் வெளிறிய நீலமும், முழங்கால் தேய்ந்த தடங்களும் அப்போர்வையிலே அப்படியே காணப்படும். கணவரை நினைவிற் கொள்ளவும், அவர் ஆடையின் அணைப்பிலே உறங்கவுமே அதனைத் தைத்தார் என்று அவர் மகள் ஆர்லோன்சியா பிற்காலத்தில் எடுத்துரைத்தார். அப்போர்வையின் கோடுகள் நேரானவை அல்ல. அவற்றை யாரேனும் பிரித்தெறிய நினைப்பரோ?

1965ஆம் ஆண்டு பெப்ரவரியில் மாட்டின் லூதர் கிங் அவ்வூருக்குச் சென்று பேசினார். வாக்குரிமை கேட்டமைக்காக வில்கொக்ஸ் கவுண்டியிற் பலர் குடியிருந்த நிலத்தினின்றும் வெளியேற்றப்பட்ட காலம் அது. 1966இல் பிரான்சிஸ் எக்ஸ். வோல்ற்றர் என்னும் பாதிரியாரின் துணையோடு அப்பகுதிப் பெண்கள் ‘பிரீடம் குவில்ற்றிங் பீ’ என்ற கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தனர். போர்வைகள் நியூயோர்க்கில் விலைபோயின. பெரும் வணிக நிலையங்கள் கேட்ட பொருள்களையோ ஒரே அளவில், ஒரே மாதிரியில், பிசகின்றித் தைத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. 1972இல் சியர்ஸ் நிறுவனத்துக்காகக் கோடுரோய்த் துணியில் தலையணையுறைகள் தைத்தனர். அளந்து தைத்த அவ்வுறைகள் வீட்டுப் பாவனைக்குப் போயின. வெட்டி எஞ்சிய துண்டுகளை வீட்டுக்குக் கொண்டுசென்று தம் மனம்போற் பொருத்திய போர்வைகளோ கலைப்பொருள்களாயின. 2002இல் ஹூஸ்ரன் நகர நுண்கலை நூதனசாலையிலும், அதனைத் தொடர்ந்து நியூயோர்க்கின் விற்னி நூதனசாலையிலும் ஜீஸ் பென்ட் போர்வைகள் ஓவியங்களைப் போலச் சுவரில் தொங்கின. 2006இல் அமெரிக்க அஞ்சற்றலைகளிலும் அவை இடம்பெற்றன.

அளவும் ஒழுங்கும் வேண்டாதவை என்பது இதன் பொருளன்று. அவை பின்னர் வந்து சேரலாம். முதலில் வாயிலை மறித்து நிற்கலாகாது என்பதே பொருள்.

முதற் பாடம்: துணியை அறிதல்

முதல் நாளில் ஊசியை எடுக்க வேண்டியதில்லை. பழைய பருத்தித் துணிகளைக் கொண்டுவரச் செய்து, அவற்றை மாணாக்கர் கையிற் கொடுத்து இழுத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். பாவின் வழியே இழுத்தால் துணி அசையாது. ஊடையின் வழியே இழுத்தாற் சிறிது இளகும். மூலைக்கு மூலை குறுக்காக இழுத்தால் இறப்பர்போல் நீளும். இவ்வொரு சோதனையிலேயே, துண்டுகளை இழையோட்டத்தின் வழியே வெட்ட வேண்டும் என்பதன் காரணம் விளங்கிவிடும். கூறிக் கொடுத்த விதி மறக்கும். கை கண்ட காரணம் மறவாது.

அடுத்து, துணிகளைக் கழுவி உலர்த்தல் வேண்டும். புதுத் துணி முதற் கழுவலிற் சுருங்கும். பழைய துணி முன்னரே சுருங்கியது. இரண்டையும் கழுவாது இணைத்தால் பின்னர் ஒன்று மற்றொன்றை இழுக்கும். சாயம் போகும் துணியும் இக்கழுவலிலேயே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். கோடு கிழிக்கப் பென்சில் வேண்டுவதில்லை. குளித்துத் தேய்ந்த சவர்க்காரச் சில்லு ஒன்று போதும். கழுவினால் அக்கோடு மறைந்துவிடும்.

நூலின் நீளம் ஒரு முழம், அஃதாவது 18 அங்குலம். தொடங்குவோர் யாவரும் அடிக்கடி கோக்கும் தொல்லைக்கு அஞ்சி நெடுநூல் கோப்பர். அது முறுகிச் சிக்குண்டு அவர்களைச் சினங்கொள்ள வைக்கும். தொடக்கத்திலே மனம் சலிப்பதற்கு இந்நெடுநூலே பெருங்காரணம். வலக்கையால் தைப்பவரின் அருகிலும், இடக்கையால் தைப்பவரின் எதிரிலும் ஆசிரியர் அமர்தல் நலம். எதிரிலிருப்போர்க்கு நம் கை கண்ணாடியிற் கண்ட பிம்பம்போற் பயன்படும்.

இரண்டாம் பாடம்: பொருத்துதல்

சமச்சதுரத் துண்டுகள் ஒன்பதை மும்மூன்றாகப் பொருத்துவதே தொடக்கப் பாடம் எனப் பல நூல்கள் கூறும். அழகிய மாதிரிதான், ஆயினும் அதில் நான்கு மூலைகள் ஒரு புள்ளியிற் சந்திக்கும் இடங்கள் நான்கு உள. ஒவ்வொரு பொருத்திலும் மயிரிழை பிசகினும் அவ்விடங்கள் அப்பிசகைப் பறைசாற்றும். புதிதாகத் தொடங்கிய கை அங்கேயே மனமுடையும்.

ஜீஸ் பென்ட் பெண்கள் பெரிதும் விரும்பிய ‘வீட்டுக்கூரை’ மாதிரி இவ்விடத்தில் நமக்குக் கைகொடுக்கிறது. நடுவிலே ஒரு சதுரம். அதனைச் சூழ ஒன்றன்பின் ஒன்றாகப் பட்டிகள். மூலைகள் சந்திக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஒவ்வொரு பட்டியையும் தைத்த பின்னரே மிகுந்த நீளத்தை வெட்டுகிறோம். ஒரு சுற்றுக் கோணலானால் அதன் ஓரத்தைச் சீராக்கிவிட்டு அடுத்த சுற்றைத் தொடங்கலாம். முன்னைய பிசகு பின்னைய சுற்றைத் தொடர்வதில்லை.

4 அங்குலச் சதுரம் ஒன்றும், 2 அங்குல அகலப் பட்டிகளும் எடுத்துக்கொள்வோம். தையலுக்கென ஒவ்வோர் ஓரத்திலும் கால் அங்குலம் விடுகிறோம். ஒரு பட்டியைச் சேர்க்க 4 அங்குலம் ஐந்தரை ஆகும். எதிர்ப்புறத்திலும் சேர்க்க 7 ஆகும். ஆகவே, சுற்றொன்றுக்கு 3 அங்குலம் பெருகும். நான்கு சுற்றுகளில் 16 அங்குலச் சதுரம் கிடைத்துவிடும். ஒரு கதிரை விரிப்புக்கு அது போதும். இக்கணக்கை ஆசிரியர் கூறாது மாணாக்கரையே போடச் செய்தல் வேண்டும். கணித வகுப்பிற் கூட்டல் கழித்தலைக் கண்டு அஞ்சுவோரும் இங்கு விரைந்து விடை சொல்வதைக் காணலாம்.

தையல் ஒரே வகைதான். ஊசி மேலும் கீழுமாகத் துணியினூடே சென்று வரும் எளிய ஓட்டுத் தையல் அது. தொடக்கத்திலும் முடிவிலும் மாத்திரம் ஊசியை ஒரு தையல் பின்வாங்கிக் குத்தி இறுக்கிவிட வேண்டும். ஒவ்வொரு பட்டியையும் தைத்தவுடன் பொருத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து ஸ்திரிக்கைப் பெட்டியால் அழுத்துதல் வேண்டும். பெட்டியை இழுத்துத் தேய்த்தாற் துணி நீண்டுவிடும். வைத்து எடுத்தலே முறை.

மூன்றாம் பாடம்: அடுக்குதல்

அடுக்குப் போர்வைக்கு மூன்று படைகள் உள: மேலே பொருத்திய துணி, நடுவே வெம்மை தரும் படை, கீழே அடித்துணி. முதல் முயற்சிக்கு நடுப்படையாகப் பழைய பிளனல் துணி ஒன்றே போதும். அடித்துணியை உட்புறம் மேலே தெரிய நிலத்தில் விரித்து, சுருக்கமின்றி இழுத்து ஒட்டி, அதன்மேல் மற்றிரண்டையும் பரப்ப வேண்டும். பின்னர் நடுவிலிருந்து வெளிநோக்கி, இரண்டு மூன்று அங்குல நீளமான பெருந்தையலால் மூன்று படைகளையும் தற்காலிகமாகக் கட்டிவிட வேண்டும். ஓரத்திலிருந்து உள்நோக்கித் தைத்தால் துணியின் தொய்வெல்லாம் நடுவிலே திரண்டு நிற்கும்.

இனித்தான் உண்மையான தையல் தொடங்குகிறது. மூன்று படைகளையும் ஊடுருவி நூல் செல்ல வேண்டும். மேற்கையின் நடுவிரலில் விரற்கவசம் இருக்கும். கீழ்க்கையின் விரல், ஊசி முனை துணிக்கு அப்பால் வந்துவிட்டதை உணர்ந்து சொல்லும். கைதேர்ந்தவர் ஓரங்குலத்திற் பத்துப் பன்னிரண்டு தையல் இடுவர். புதியவர் ஐந்து இட்டாலும் போதும். ஐந்தும் ஏறக்குறைய ஒரே நீளமாயிருத்தலே அழகு. சிறுமையைத் தேடாது சமத்தைத் தேடுக என்பதே இங்கு ஆசிரியர் கூறத்தக்கது. இத்தையல் அலங்காரத்துக்கு மாத்திரம் உரியதன்று. நடுப்படை இடம்பெயர்ந்து கட்டிபடாதவாறு காப்பதும் இதுவே. இறுதியில் இரண்டரை அங்குலப் பட்டியை நெடுக்காக மடித்து நான்கு கரைகளையும் சூழக் கட்டிவிட்டால் வேலை நிறைவுறும்.

வெப்ப நாட்டுக்கு இப்போர்வை எதற்கு என ஒருவர் வினவலாம். அதற்கு வங்காளம் விடை தருகிறது. காந்தாவிலே பஞ்சு இல்லை. பழைய சேலைகளையும் வேட்டிகளையும் அடுக்கி, சேலைக் கரையிலிருந்து உருவிய வண்ண நூலால், அதே ஓட்டுத் தையலை நெருக்கமாக இட்டுத் தைத்தனர். குருசதய் தத்தர் போன்றோர் தேடிச் சேர்த்தமையால் பழைய காந்தாக்கள் பல அழியாது நூதனசாலைகளை அடைந்தன. கவிஞர் ஜசீமுத்தீன் 1929இல் வெளியிட்ட ‘நக்சி காந்தார் மாட்’ என்னும் கதைப்பாடலில், கணவனைப் பிரிந்த சாஜு தன் வாழ்க்கையை முழுவதும் ஒரு காந்தாவிலே தைத்துவைக்கிறாள். அவள் இறந்தபின் அது அவள் புதைகுழியின்மேல் விரிக்கப்படுகிறது. எழுத்தறியாத பெண்ணுக்கு ஊசியே எழுதுகோலாயிற்று.

இது பெண்களுக்கே உரிய தொழில் என்று கருதுவோரும் உளர். அவர்கள் நம் தீவின் பௌத்த விகாரைகளை நோக்குக. துண்டுகளை இணைத்துத் தைத்த சீவரமே துறவியர் ஆடை. மகத நாட்டு வயல்களின் வரப்பமைப்பைக் காட்டி, அவ்வாறு ஆடை அமைக்குமாறு புத்தர் ஆனந்தரைப் பணித்தார் என விநய நூல் கூறும். கார்கால முடிவில் நிகழும் கடின வைபவத்தில், ஒரே நாளில் துணி வெட்டி, தைத்து, சாயமிட்டுச் சீவரம் முடிக்கப்படுகிறது. ஆண்மக்கள் ஊசி பிடித்தல் இழிவாயின் அப்பெருமரபு எங்ஙனம் நிலைத்திருக்கும்? வகுப்பிலே சிறுவர்க்கும் ஊசி கொடுக்கலாம்.

எதனைப் பிரிப்பது?

இனி, இக்கட்டுரையின் தலையாய பொருளுக்கு வருவோம். தைத்ததைப் பிரிக்கவே கூடாதா? கூடும், ஆனால் எதனைப் பிரிப்பது என்று பகுத்தறிதல் வேண்டும். பிழைகள் இருவகையின. துணியைக் காவாத பிழை ஒன்று. கண்ணுக்கு ஒவ்வாத பிழை மற்றொன்று. ஓரம் போதாமல் தைத்தால் இழை பிரிந்து ஓட்டை விழும். முடிச்சு இறுகாவிடின் தையல் அவிழும். ஊசி அடித்துணியைத் தொடாவிடின் படைகள் பிரியும். இவை முதல்வகை, இவற்றைப் பிரித்துத் தைத்தே ஆகவேண்டும். கோடு வளைதல், தையல் ஒன்று நீண்டும் ஒன்று குறுகியும் இருத்தல், நிறம் பொருந்தாமை ஆகியவை இரண்டாம் வகை. இவற்றை அப்படியே விட்டுவிடல் வேண்டும். அடுத்த விரிப்பிலே அவை தாமே குறையும். முதல் விரிப்பும் பத்தாம் விரிப்பும் அருகருகே கிடக்கும்போது, கை வளர்ந்த வரலாற்றை அவற்றிலே காணலாம். பிரித்துவிட்டால் அவ்வரலாறு எங்கே?

முதல்வகைப் பிழையையும் ஆசிரியர் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. பொருத்தின் இருபுறத்தையும் இரு கைகளாற் பற்றி இழுத்துப் பார்க்கச் சொல்லுக. விரிப்பைத் திருப்பி, பின்புறத்தில் ஒவ்வொரு தையலும் தெரிகிறதா என்று பார்க்கச் சொல்லுக. துணியே விடை கூறும். அப்போது மாணாக்கர் ஆசிரியர் முகத்தைப் பார்ப்பதை விடுத்துத் தம் வேலையைப் பார்க்கத் தொடங்குவர். பிரிக்க வேண்டுமாயின் கத்தரிக்கோல் அவர் கையிலேயே இருக்கட்டும். கட்டுரை எழுதப் பயிற்றும் ஆசிரியரும், சிவப்பு மையால் ஏட்டை நிரப்புமுன் இவ்விருவகையையும் சிறிது எண்ணிப் பார்த்தல் தகும்.

எஞ்சிய சேலை

போரும் இடப்பெயர்வும் கண்ட நம் மண்ணிலே, புகைப்படமும் இன்றி, பெட்டியின் அடியிலே ஓர் ஆடை மாத்திரம் எஞ்சிய வீடுகள் உள. அவ்வாடையை உடுக்கவும் இயலாது. எறியவும் மனம் வாராது. மிசூரி பெற்வேயின் போர்வை அவ்வீடுகளுக்கு ஒரு வழி காட்டுகிறது. ஆனால், அத்தகைய துணியை முதற் பாடத்துக்கு எடுக்கலாகாது. வெட்டிய துணியை மீண்டும் ஒட்ட இயலாது. அதனைத் தொடும் துணிவைக் கைக்குத் தருவதற்கே, பயனற்ற வேறு துணிகளில் முதற் பாடங்கள் நடைபெறுகின்றன. அவசரம் வேண்டாம்.

அந்த அம்மையார் ஒரு மாதங் கழித்து மீண்டும் வந்தார். பழைய சாரமொன்றையும், பேரப்பிள்ளையின் கிழிந்த சட்டையையும் கொண்டுவந்திருந்தார். நடுச் சதுரத்தையும் முதற் பட்டியையும் பொருத்தினார். தையல் ஆற்றைப்போல வளைந்து சென்றது. கத்தரிக்கோலை எதிர்பார்த்து என்னை நோக்கினார். “இழுத்துப் பாருங்கோ, அம்மா” என்றேன். இரு கைகளாலும் இழுத்தார். தையல் அசையவில்லை. இன்னொரு முறையும் இழுத்துப் பார்த்துவிட்டு, ஊசியில் நூல் கோத்தார்.

இப்போது மூன்றாம் சுற்று நடந்துகொண்டிருக்கிறது. தாயாரின் சேலை இன்னும் பெட்டியிலே இருக்கிறது.